பாடாதவர்களின் இயல்

எங்கள் கல்லூரி வளாகத்தில் யாருக்கு எந்தச் சிறப்பு வந்தாலும் அது முதலில் நுழைவாயிலின் பக்கத்துக் கம்பிவேலியில்தான் தெரியவரும். பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம்பெற்ற மாணவியர், தகுதித் தேர்வில் வென்றவர், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர், மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கிய கபடி அணி என எல்லோரும் அங்கே பிளக்ஸ் பதாகையில் சில வாரங்கள் சிரிப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. முகங்கள் சீக்கிரம் வெளிறிவிடும். வெளிறியதைக் கழற்றுவதற்கு யாருக்கும் பொறுப்பில்லை என்பதால் புதிய பதாகையைப் பழையதன்மேலேயே கட்டுவார்கள்.

நான் முதுகலை இரண்டாமாண்டு படித்தபோது அந்த வேலியில் இடம்பெற வேண்டியவர் என்று எங்கள் தமிழ்த்துறை முழுவதும் எதிர்பார்த்தது ஒருவரைத்தான். துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தபடியே முனைவர் பட்ட ஆய்வையும் செய்துவந்தவர் அவர். வகுப்பில் அவரை 'மேடம்' என்போம். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் 'அக்கா' என்போம். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர் அவருடையது. கடற்கரைப் பெண்களின் ஒப்பாரிப் பாடல்கள் அவருடைய ஆய்வுப் பொருள். பல ஆண்டுகள் சாவு வீடுகளுக்குச் சென்று, அழுகை ஓய்ந்த பிறகும் அங்கேயே இருந்து, பாத்திரம் கழுவிக் கொடுத்து, பின்னொரு நாள் அனுமதி கேட்டு எழுதி வாங்கியவை அப்பாடல்கள்.

ஆய்வேட்டுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. எழுத்துப் பிழைகளைப் பொறுமையாகத் தேடுவேன், படித்ததை வெளியே பேசமாட்டேன் என்பன காரணங்களாக இருந்திருக்கலாம். நான்கு இயல்கள் ஒழுங்காக நடந்தன. ஐந்தாம் இயல் வேறுவிதமாக இருந்தது. அது பாடாத பெண்களைப் பற்றியது. கடலுக்குப் போனவனின் உடல் கரை சேராவிட்டால், அந்த வீட்டில் சில பெண்கள் ஒப்பாரி வைப்பதில்லை. பாடினால், அவன் இறந்துவிட்டதை அவர்களே அறிவித்ததாக ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனமும் ஒப்பாரி மரபுக்குள் அடங்குமா என்று அந்த இயல் கேட்டது.

அதில் ஒரு தகவலாளரைப் பற்றி மட்டும் சில பக்கங்கள் இருந்தன. கணவன் போன படகின் உடைந்த பலகை வந்தது, உடன் போனவர்களின் உடல்கள் வந்தன, அவன் வரவில்லை. பங்குக் கோயிலில் அவனுக்காக இரங்கல் திருப்பலி நடந்தபோது அவள் கோயிலுக்குப் போகவில்லை. தாலியைக் கழற்றவில்லை. இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். ரேஷன் அட்டையில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. கல்லறைத் திருநாளன்று ஊர்ப் பெண்களெல்லாம் பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அவள் வீட்டிலேயே இருந்து மீன் கழுவுகிறாள். அந்தப் பக்கங்களில் ஒரு பெயரடைகூட அதிகப்படியாக இல்லை. என் பென்சிலுக்கு அங்கே வேலையும் இல்லை.

ஒரே ஒரு குறை கண்டேன். அதை அவரிடம் சொன்னேன்.

"அக்கா, இந்தத் தகவலாளர் பேரு, ஊரு ஒண்ணும் பின்னிணைப்பில இல்லையே. விட்டுப்போச்சா?"

"விட்டதுதான். எங்க அம்மை அது."

பிறகு அவரே சொன்னார்: "அப்பா செத்துப்போனாருன்னு எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல பிள்ளே. நானும் சொன்னதில்ல. இதுல எழுதும்போது கை எழுதிட்டு. வாய் சொல்லாது."

"வைவாவுக்கு அம்மை வருவாங்களா?"

"எங்க வர? ரெண்டு பஸ் மாறி வந்து இந்த இலக்கணத் தமிழைக் கேக்கதுக்கு அவளுக்கென்ன கோயில் நேர்ச்சையா?"

அவர் சிரித்தார். ஆனால் அம்மா வராமல் இருப்பதை அவர் மிகவும் நம்பியிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து கேட்கக்கூடிய பொது நிகழ்வு. புறத்தேர்வாளர் ஐந்தாம் இயலைத் தொட்டால் அவர் அப்பாவின் இறப்பைப் பேசியாக வேண்டும். அம்மா இல்லாத அவையில் அதைப் பேசிவிட முடியும் என்று தம்மைத் தயார்செய்து வைத்திருந்தார்.

அம்மா வந்தார். அதற்குக் காரணம் ஊர் வழக்கம். கடற்கரை ஊர்களில் யாராவது படித்துப் பட்டம் வாங்கினால் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை பீடத்திலிருந்தே அதை அறிவிப்பார். அக்காவின் வாய்மொழித் தேர்வு எந்த நாளில், எந்த அரங்கில் என்பதை யாரோ பங்குத்தந்தையிடம் சொல்ல, அவர் முந்திய ஞாயிறன்று, "நம்ம ஊருக்க பெருமை, போகக்கூடியவங்க எல்லாரும் போங்க" என்று அறிவித்துவிட்டார். ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல ஒரு வேன் பிடித்தார்கள்.

அன்று காலையில் நாங்கள் கேள்விகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். வாய்மொழித் தேர்வின் முடிவில் அவையோரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்காமல் இருந்தால் துறைக்கு மரியாதை இல்லை என்பது எங்கள் வழக்கம். ஆகவே ஆய்வு நெறியாளர் முன்கூட்டியே கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மாணவியரிடம் கொடுத்துவிடுவார். ஆய்வாளருக்கு அவற்றின் விடைகள் தெரியும். கேட்பவர் அப்போதுதான் தோன்றிய ஐயம்போல எழுந்து கேட்க வேண்டும். என் தோழிக்குக் கிடைத்த சீட்டில், "தரவு சேகரிப்பில் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் யாவை?" என்று இருந்தது. எனக்குக் கிடைத்தது: "ஐந்தாம் இயலில் பாடாதவர்களைச் சேர்த்துக்கொண்டதன் நோக்கம் யாது?"

வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்களில் முன்னால் வந்தவர் என்னிடம்தான் கேட்டார்.

"ஏட்டி மக்கா, எங்க பிள்ளைக்கு பரிச்ச நடக்கக்கூடிய ரூம் எது?"

"மேலயாக்கும். வாங்க."

"ஜெயிச்சிருவாளா?"

"அவங்க இப்பவே ஜெயிச்ச மாதிரிதான்."

"அப்பம் பொறவு பரிச்ச எதுக்கு?" என்றார் பின்னால் வந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காமல் வந்தவர் ஒருவர்தான். வெளிர்நிறச் சேலை, கழுத்தில் தாலி, கையில் மூடி இறுகக் கட்டிய தூக்குவாளி. யாரென்று நான் கேட்கத் தேவையில்லாதபடி அக்காவின் நெற்றி அவருக்கும் இருந்தது. முன்வரிசையில் குடும்பத்தாரை அமர்த்துவது முறை என்பதால் அவரை அங்கே கொண்டுபோய் அமர்த்தினோம். மேடையில் கணினியைச் சரிசெய்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேலையைப் பார் என்பதுபோல.

அக்கா நன்றாகப் பேசினார். நான்கு இயல்களையும் சுருக்கமாக, தடுமாற்றமின்றி விளக்கினார். ஐந்தாவதற்கு வந்ததும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். நெறியாளர் வியப்புடன் அவரைப் பார்த்தார்.

புறத்தேர்வாளர் வேறொரு மாவட்டத்திலிருந்து வந்த மூத்த பேராசிரியர். கேள்வி கேட்டு மடக்குபவராக அவர் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் மிகுந்த அன்புடன் பேசினார்.

"உங்க ஆய்வேட்டுல நான் திரும்பத் திரும்ப வாசிச்ச பகுதி ஒண்ணு இருக்கும்மா. அஞ்சாவது இயல்ல வர்ற அந்தப் பேரில்லாத தகவலாளர். ஒப்பாரி பத்தி எவ்வளவோ பேர் எழுதியிருக்காங்க. இதை யாரும் எழுதல. இந்தச் சில பக்கங்களுக்காகவே 'வெளியிடத் தக்கது'ன்னு பரிந்துரைக்கலாம்னு நினைச்சுத்தான் ரயில் ஏறினேன்."

எங்கள் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. அப்படிப்பட்ட பரிந்துரை கிடைத்தால் பல்கலைக்கழகமே நூலாக வெளியிடும். எங்கள் துறையில் யாருக்கும் அது கிடைத்திருக்கவில்லை.

"ஆனா அது ஆய்வு. கதை இல்ல. இவங்க யாரு, எந்த ஊரு, கணவர் எப்ப இறந்தாரு, உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன தொடர்பு, ஒண்ணுமே இல்ல. பேரு வேண்டாம். மத்ததை இந்த அவையில நீங்க வாயால சொல்லிட்டாப் போதும். குறிப்புல ஏத்திடுவோம். அப்புறம் யாரும் அதை அசைக்க முடியாது."

"சொல்லும்மா" என்றார் நெறியாளர்.

அக்கா முன்வரிசையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட முயற்சி எனக்குத் தெரிந்தது. ஆய்வேட்டைத் திறந்து அந்தப் பக்கங்களை எடுத்தார். படிப்பதற்காக அன்று, விரலை வைத்துக்கொள்வதற்காக. அம்மா தூக்குவாளியை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்தபடி, கோயிலில் வாசகம் கேட்பவர்போல அமர்ந்திருந்தார். அவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று என் இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

"ஐயா, அந்தப் பகுதியை நான் நீக்கிக்கொள்கிறேன்" என்றார் அக்கா.

"நீக்கவா? எதுக்கு? நான் அதைச் சேர்க்கிறதுக்கு வழி சொல்றேன்."

"அந்தத் தகவலாளரின் ஒப்புதலை நான் பெறவில்லை ஐயா."

அது உண்மை. மற்ற எல்லாப் பெண்களிடமும் அனுமதி கேட்ட அவர், சொந்த வீட்டில் மட்டும் கேட்டிருக்கவில்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் அவருடைய பிரச்சினையாக இருந்தது.

புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அது போனா இயல் மெலிஞ்சிடும். நான் எழுதப்போற அறிக்கையும் அதுக்குத் தக்கபடிதான் இருக்கும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா ஐயா."

அதன்பின் அவையோர் கேள்விக்கான நேரம். நெறியாளர் நேராக என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஐந்தாம் இயலைப் பற்றிய கேள்வி என்னிடம் இருக்கிறது, அதன் மூலம் பேச்சை மீண்டும் அங்கே திருப்பிவிடலாம் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நான் எழுந்தேன். அவையில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. சீட்டில் இருந்ததைத் தவிர வேறெதையும் நான் ஆயத்தம் செய்திருக்கவில்லை. ஆனால் அதைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. வாயில் வந்தது தோழியின் கேள்வி.

"தரவு சேகரிப்பில் தாங்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் யாவை?"

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கடற்கரைக்குச் செல்லும் பேருந்துகள் குறைவாக இருப்பது, ஒலிப்பதிவில் காற்றின் இரைச்சல் புகுவது, சாவு வீட்டில் அனுமதி கேட்கும் தயக்கம் என்று முறையாக விடை சொன்னார். நான் அமர்ந்தேன். அடுத்து என் தோழி எழுந்தாள். அவளிடம் வேறு கேள்வி இல்லை. கையில் வைத்திருந்த சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அரங்குக்குப் புதிதாக வந்தவள்போல, உரக்கக் கேட்டாள்:

"தரவு சேகரிப்பில் தாங்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் யாவை?"

அரங்கு சிரித்தது. வேனில் வந்த பெண்களில் ஒருவர், "இப்பமில்லா அவ சொன்னா, இந்தப் பிள்ளைக்கு காது கேக்காதா?" என்று கேட்டுவிட்டார். புறத்தேர்வாளரே வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார். அக்கா சிரிக்காமல், பேருந்துகள், காற்று, தயக்கம் என்று அதே விடையை அதே வரிசையில் மறுபடி சொல்லி முடித்தார். கேள்வி நேரம் அத்துடன் முடிந்தது.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வந்த மாலை, பொன்னாடை, கைதட்டல், எல்லாம் முறைப்படி நடந்தன. வெளியிடத் தக்கது என்ற சொல் அறிவிப்பில் இல்லை. அதைக் கவனித்தவர்கள் துறையைச் சேர்ந்த சிலர் மட்டுமே. வேனில் வந்தவர்களுக்கு அது முழு வெற்றி.

மதியச் சாப்பாடு துறையின் பின்னறையில். ஆய்வாளர் எல்லோருக்கும் உணவு ஏற்பாடு செய்வது வழக்கம். அதற்கு மேலாக அம்மா தூக்குவாளியைத் திறந்து பொரித்த மீனை இலைகளில் வைத்துக்கொண்டே வந்தார். புறத்தேர்வாளரின் இலைக்கு வந்ததும் நெறியாளர் தடுத்தார்.

"சார் சைவம்மா."

"மீனுமா தின்னமாட்டாரு?" அம்மா உண்மையாகவே வருந்தினார். "பாவம். அப்பம் கொஞ்சம் மோராவது விடுங்க."

மகளின் இலைக்கு வந்தபோது அருகில் நான்தான் இருந்தேன். மீனை வைத்துவிட்டு அம்மா நகரவில்லை.

"மோளே. அந்த சாரு கேட்டது என்னயப் பத்தித்தானே?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆமா."

"சொல்லியிருக்கலாமில்லா."

"என்னன்னு சொல்ல?"

அம்மா இன்னொரு துண்டை எடுத்து இலையில் வைத்தார். "தின்னு. காலையிலயும் ஒண்ணும் தின்னிருக்கமாட்ட."

சாப்பாடு முடியும்முன் அக்காவின் கைப்பேசி ஒலித்தது. கை எச்சிலாக இருந்ததால் என்னை எடுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னார். ஊரில் பதாகை அடிக்கும் கடையிலிருந்து பங்கு இளைஞர் ஒருவர் பேசினார்.

"டீச்சரே, வாழ்த்துகள்! கோயில் முக்குல போர்டு வைக்கணும்னு பாதர் சொல்லிட்டாரு. எல்லாம் டைப் அடிச்சாச்சு. ஒரு டவுட்டு. அப்பா பேரு போடும்போது முன்னால 'காலஞ்சென்ற'ன்னு போடவா, இல்ல சின்னதா ஒரு சிலுவ போட்டாப் போதுமா?"

எங்கள் பக்கத்துப் பதாகைகளில் இறந்தவர் பெயருக்கு அப்படித்தான் வழக்கம். கேட்டவரிடம் எந்தத் தவறும் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அந்தப் படகு போயிருக்கலாம். அரங்கில் தப்பித்த கேள்வி எச்சில் இலைகளுக்கு நடுவே வந்து நின்றது. இம்முறை அதை நீக்கிக்கொள்ளவும் வழி இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா வாய் திறந்தார். ஆனால் அம்மா குனிந்து கைப்பேசியை நோக்கிப் பேசினார்.

"பேரு போடு மக்கா. பேரு மட்டும் போதும்."

"அப்பம் சிலுவ?"

"கோயிலுல இருக்குல்லா சிலுவ. பொறவு எதுக்கு?"

"செரி பெரியம்மை."

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். அக்கா அதன் பிறகு உண்ணவில்லை.

திருத்திய படியைச் சமர்ப்பிக்கும் வேலைக்கு மறுபடி என்னை அழைத்தார். அந்தப் பக்கங்களை எடுத்த பிறகு ஐந்தாம் இயல் பின்வந்த வாக்கியங்களோடு ஒட்டவில்லை. "மேற்கண்ட தகவலாளரைப் போலவே" என்று தொடங்கிய பத்தியை எப்படித் தொடங்குவது என்று இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பொருளடக்கம் மாறியது, பக்க எண்கள் மாறின, முடிவுரையிலிருந்து இரண்டு வாக்கியங்கள் போயின. எடுத்த தாள்களை அவர் கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேற எங்கயாவது கட்டுரையா போடலாமே அக்கா" என்றேன். இவ்வளவு நல்ல பக்கங்கள் எங்கும் அச்சாகாமல் போவது எனக்குத் தாங்கவில்லை என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

"கேக்காமப் போட்டுரக் கூடாது" என்றார். "கேட்டுட்டுச் சொல்லுதேன்."

துறையின் ஆண்டறிக்கையில் அந்த ஆண்டுச் சாதனைகளின் கீழ் அவருக்கு ஒரு வரி வந்தது. நுழைவாயில் வேலியிலும் அவர் சிரித்தார். 'முனைவர்' என்ற அடையை அவர் பெயருடன் சேர்த்துச் சொல்ல நாங்கள் பழகிக்கொண்டோம். அந்தத் தாள்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேர்வுகள் முடிந்து நான் விடைபெறச் சென்ற நாளில் அவராகவே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய உணவுக்குப் பிறகு, அம்மா கேட்டிருக்கிறார்: "நீ என்னயப் பத்தி எழுதினது கையில இருக்கா? இருந்தா வாசி." அக்கா வாசித்திருக்கிறார். படகுப் பலகை, கோயிலுக்குப் போகாதது, அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், கல்லறைத் திருநாள். 'இறந்த கணவர்' என்ற இடம் வந்தபோது நிறுத்தியிருக்கிறார். "எழுதியிருக்கத வாசி" என்றிருக்கிறார் அம்மா. அதையும் வாசித்திருக்கிறார்.

"முடிஞ்ச பொறவு என்ன சொன்னாங்க?"

"'எல்லாம் நடந்த மாதிரிதான் இருக்கு. பொய் ஒண்ணும் இல்ல. ஆனா பொஸ்தகத்துல சேக்காண்டாம்'னு சொன்னா."

அக்கா சாளரத்துக்கு வெளியே பார்த்தார். வேளிமலையின்மேல் மேகம் இறங்கியிருந்தது.

"ஒரு இடத்துல மட்டும் திருத்தம் சொன்னா. அப்பா கடைசியாப் போகும்போது நீலச் சட்டை போட்டிருந்தாருன்னு எழுதியிருந்தேன். சின்ன வயசில்லா, எனக்கு அப்படித்தான் ஞாபகம். 'நீலம் இல்ல. வெள்ளையில கோடு போட்டது. நான்தான் தொவச்சுக் குடுத்தேன்'னு சொன்னா."

"அதை மாத்திட்டீங்களா அக்கா?"

"மாத்தாம?" என்றார்.

கைப்பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்துக் காட்டினார். 'நீல' என்ற சொல் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அதற்கு மேலே அவருடைய சிறிய, நேரான கையெழுத்தில் புதிய சொற்கள் இருந்தன. அச்சகத்துக்கு அனுப்பும் படியில் செய்வதுபோல ஓரத்தில் மெய்ப்புக் குறியையும் இட்டிருந்தார்.